பிழை ஒன்று, முகம் இரண்டு: துன்பியலும் இன்பியலும்

துன்பியல் நாடகம் அழவைக்கும், இன்பியல் நாடகம் சிரிக்கவைக்கும். முன்னது சாவில் முடியும், பின்னது திருமணத்தில் முடியும் என்னும் எண்ணம் பாடநூல்களிலும் பொதுப்பேச்சிலும் வேரூன்றியிருக்கிறது. மேலோட்டமான அறிமுகத்திற்கு இந்த விளக்கம் போதும். ஆயினும் நாடகங்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் ஒருவருக்கு ஆள்மாறாட்டம், உரியவர் கைக்குச் சேராத கடிதம், பொய்ச்சாவு, மறைக்கப்பட்ட பிறப்பு ஆகிய அதே கதைப்பொருள்கள் இருவகை நாடகங்களிலும் மாறிமாறி வருவது விரைவிலேயே புலப்பட்டுவிடும். கதைப்பொருள் பொதுவாக இருக்கும்போது வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது என்பதே நாடக ஆய்வின் முதற்கேள்வி. ஒரு பாத்திரத்தின் அறியாமை எப்போது நீங்குகிறது, அதற்குள் அந்த அறியாமைக்கு என்ன விலை கொடுக்கப்பட்டுவிடுகிறது, அவ்வேளையில் பார்வையாளர் அப்பாத்திரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் நிறுத்தப்படுகிறார் ஆகிய மூன்றையும் கவனித்தால் அதற்கு விடை கிடைக்கும்.

ஏதென்சின் அரங்கில்

இவ்விரு வகைகளும் தனித்தனி வடிவங்களாக உருப்பெற்ற இடம் பண்டைய கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரம். அங்கு ஆண்டுதோறும் இளவேனிற்காலத்தில் தியோனிசஸ் என்னும் தெய்வத்திற்கு எடுக்கப்பட்ட பெருவிழாவில் நாடகப் போட்டி நடைபெற்றது. துன்பியல் போட்டி கி.மு. 534 அளவில் தொடங்கியதாக மரபு கூறுகிறது. இன்பியல் நாடகம் அவ்விழாவில் முறையாக இடம்பெற்றது கி.மு. 486இல். துன்பியல் கவிஞர் ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களையும், அவற்றைத் தொடர்ந்து சத்தீர் நாடகம் எனப்பட்ட கேலிக்கூத்து ஒன்றையும் அரங்கேற்ற வேண்டும். எஸ்கிலஸ், சோபோகிளீஸ், யூரிப்பிடீஸ் ஆகிய மூவரும் துன்பியலில் புகழ்பெற்றவர்கள். இன்பியலில் அரிஸ்டோஃபனீஸின் பதினொரு நாடகங்கள் முழுமையாகக் கிடைத்துள்ளன.

இந்த ஏற்பாட்டில் துன்பியலும் இன்பியலும் வெவ்வேறு கவிஞர்களின் தொழிலாகவே இருந்தன. பிளேட்டோவின் 'சிம்போசியம்' என்னும் உரையாடல் நூல் முடியும் இடத்தில், விருந்துக்குப் பின் விடியும்வரை விழித்திருந்த சாக்ரடீஸ், துன்பியல் கவிஞர் அகாத்தனிடமும் இன்பியல் கவிஞர் அரிஸ்டோஃபனீஸிடமும், ஒன்றை இயற்றத் தெரிந்த கலைஞருக்கு மற்றொன்றையும் இயற்றத் தெரிந்திருக்க வேண்டும் என்று வாதிட்டுக்கொண்டிருக்கிறார்; தூக்கக் கலக்கத்தில் இருந்த இருவரும் அதை ஒப்புக்கொண்டு அப்படியே உறங்கிவிடுகிறார்கள். சாக்ரடீஸின் அந்த வாதத்தை மேடையில் முழுமையாக மெய்ப்பிக்க ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து ஷேக்ஸ்பியர் வரவேண்டியிருந்தது.

அரிஸ்டாட்டிலின் கருவிகள்

நாடகத்தைப் பகுத்தாய்வதற்கு இன்றும் பயன்படும் கலைச்சொற்களில் பல, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் எழுதிய 'கவிதையியல்' நூலிலிருந்து வந்தவை. துன்பியல் நாடகத்திற்குக் கதைப்பின்னல், பாத்திர இயல்பு, கருத்து, சொல்நடை, இசை, காட்சி என்னும் ஆறு உறுப்புகளை வகுத்த அவர், கதைப்பின்னலுக்கே முதலிடம் தந்தார். சிறந்த கதைப்பின்னலில் மூன்று கூறுகளை அவர் காண்கிறார். முதலாவது 'ஹமார்த்தியா': உயர்நிலையில் உள்ள ஒருவர், கொடியவராக இல்லாதபோதும், தெரியாமலோ தவறாகக் கணித்தோ இழைத்துவிடும் பிழை. இரண்டாவது 'பெரிபெட்டியா': எந்த விளைவை எண்ணி ஒரு செயல் செய்யப்படுகிறதோ அதற்கு நேர்மாறான விளைவை அச்செயலே கொண்டுவரும் தலைகீழ்த் திருப்பம். மூன்றாவது 'அனக்னோரிசிஸ்': அதுவரை அறியாதிருந்த உண்மையைப் பாத்திரம் அறிந்துகொள்ளும் தருணம். இவை கூடிப் பார்வையாளரிடம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவ்வுணர்வுகளைத் தெளிவித்து விடுவிக்கின்றன என்பது அவர் கோட்பாடு. அந்தத் தெளிவிப்பே 'கதார்சிஸ்' எனப்படுகிறது. அது உணர்ச்சியை வடித்துவிடுவதா, பண்படுத்துவதா என்பதில் அறிஞர்கள் இன்றும் உடன்படவில்லை.

இம்மூன்று கூறுகளும் ஒன்றுகூடும் நாடகமாக அரிஸ்டாட்டில் மீண்டும் மீண்டும் சுட்டுவது சோபோகிளீஸின் 'ஈடிபஸ் மன்னன்'. கொள்ளைநோயால் அழியும் தீப்ஸ் நகரைக் காக்க, முந்தைய அரசன் லையஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்னும் நிலையில், அந்தக் கொலையாளிக்குச் சாபமிட்டுத் தேடத் தொடங்குகிறான் ஈடிபஸ். தேடப்படுபவன் அவனே என்பது பார்வையாளருக்கு முதலிலிருந்தே தெரியும். தெரியாதவன் அவன்தான். தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்ற அருள்வாக்குக்கு அஞ்சி, பெற்றோர் என்று தான் நம்பியவர்களைக் கொரிந்து நகரில் விட்டு அவன் முன்பே வெளியேறியிருக்கிறான். அந்நகரிலிருந்து வரும் தூதன், கொரிந்து அரசன் இறந்துவிட்டான் என்று சொல்லி, ஈடிபஸின் அச்சத்தைப் போக்குவதற்காகவே, அவன் அவ்வரசனின் சொந்த மகன் அல்லன் என்பதையும் வெளியிடுகிறான். ஆறுதலாகச் சொன்ன அந்தச் சொல்லே எல்லாவற்றையும் உடைக்கிறது. திருப்பமும் கண்டறிதலும் ஒரே கணத்தில் நிகழும்படி அமைக்கப்பட்டிருப்பதால்தான் அரிஸ்டாட்டில் இதனை உயர்ந்த அமைப்பு என்றார். அவன் முன்பு கொன்ற லையஸே அவன் தந்தை, அவன் மணந்த லையஸின் மனைவியே அவன் தாய் என்னும் உண்மை வெளிப்படும்போது தந்தை இறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தாய்க்கு அவன் மூலம் பிள்ளைகளும் பிறந்துவிட்டனர். அறிவு வந்தும் அது திருத்துவதற்கு எதுவும் மிச்சமில்லை.

தமிழ் வாசகருக்கு இதே அமைப்பு சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கிடைக்கிறது. அரசியின் சிலம்பைத் திருடினான் என்ற பொற்கொல்லனின் சொல்லை ஆராயாமல் ஏற்றுக் கோவலனைக் கொல்லச் செய்த பாண்டியன், அவைக்கு வந்த கோவலன் மனைவி கண்ணகி தன் சிலம்பை உடைக்க, அதிலிருந்து அரசியின் சிலம்பில் இருந்த முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்த கணத்தில் தன் பிழையை அறிகிறான். அறிந்த அந்தக் கணமே அவன் உயிரும் பிரிகிறது. நீதி தவறாத அரசன் என்ற பெயருக்கு உரியவன் ஆராயாமல் இட்ட ஓர் ஆணை, அதனால் வந்த மீளாத இழப்பு, காலங்கடந்து வரும் அறிவு என்று துன்பியலின் எலும்புக்கூடு முழுவதும் அக்காதையில் இருக்கிறது.

சிரிப்பின் இலக்கணம்

இன்பியல் நாடகம் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியதாகக் கருதப்படும் பகுதி நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் கிடைத்துள்ள நூலிலேயே அவர் தரும் குறிப்பு ஒன்று மிகவும் பயனுடையது: நகைப்புக்குரியது என்பது வலியும் அழிவும் உண்டாக்காத பிழை அல்லது குறை என்கிறார் அவர். கோணல்மாணலாக இருந்தாலும் வேதனையைக் காட்டாத நகைச்சுவை முகமூடியை அதற்குச் சான்றாகவும் தருகிறார். துன்பியலுக்கு அடிப்படையாகச் சொல்லப்பட்ட பிழை இங்கும் வந்துவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது. விளைவு மட்டுமே வேறு.

கி.மு. 5ஆம் நூற்றாண்டு இன்பியல், அரசியல்வாதிகளையும் அறிஞர்களையும் பெயர் சொல்லியே கேலி செய்தது. கி.மு. 405இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் 'தவளைகள்' நாடகத்தில், ஏதென்சில் நல்ல கவிஞர் எவரும் மிஞ்சவில்லை என்று கீழுலகம் செல்லும் தியோனிசஸ், யூரிப்பிடீஸை அழைத்துவரப் போய், அவருக்கும் எஸ்கிலஸுக்கும் இடையே எழும் போட்டியில் நடுவராகி, இருவரின் வரிகளையும் தராசில் நிறுத்துப் பார்த்து, இறுதியில் எஸ்கிலஸையே அழைத்துவருகிறார். துன்பியல் நாடகங்களை ஒப்பிட்டு ஆராயும் பழைய முயற்சிகளில் ஒன்று, ஓர் இன்பியல் நாடகத்துக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் மெனாண்டர் எழுதிய நாடகங்கள் அரசியலை விட்டு விலகிக் குடும்பம், காதல், காணாமற்போன பிள்ளை, கஞ்சத் தந்தை, சூழ்ச்சிக்கார அடிமை என்று வீட்டுக்குள் நுழைந்தன. அவற்றைப் பின்பற்றி ரோமில் இலத்தீனில் எழுதிய பிளாட்டஸ் வழியாக அந்த மரபு ஷேக்ஸ்பியரை அடைந்தது.

பிளாட்டஸின் இரட்டையர் நாடகமான 'மெனெக்மி'யை அடிப்படையாகக் கொண்டு ஷேக்ஸ்பியர் எழுதிய 'தவறுகளின் இன்பியல்' 1594இல் இலண்டனில் நடிக்கப்பட்டது. எஜமானர்கள் இரட்டையர், அவர்களின் வேலைக்காரர்களும் இரட்டையர் என்று குழப்பத்தை இரண்டு மடங்காக்கிய அந்நாடகத்தை வெறும் கேலிக்கூத்து என்று ஒதுக்கிவிடுவோர் அதன் தொடக்கத்தைக் கவனிப்பதில்லை. பிரிந்த மகனைத் தேடி எபிசஸ் நகருக்கு வந்த முதிய வணிகர் எஜியன், பகைநாட்டவர் என்ற காரணத்தால், மாலைக்குள் தண்டத்தொகை கட்டாவிட்டால் கொல்லப்படுவார் என்ற தீர்ப்போடுதான் நாடகம் தொடங்குகிறது. அன்று பகல் முழுவதும் அதே நகரில் அவருடைய இரு மகன்களும் ஒருவரை ஒருவர் அறியாமல் திரிய, மனைவி கணவனை மாற்றி எண்ணுவதும், வேலைக்காரன் செய்யாத குற்றத்திற்கு அடிபடுவதும் சிரிப்பை வளர்த்துக்கொண்டே போகின்றன. கொலைக்களத்திற்கு எஜியன் இட்டுச்செல்லப்படும் வேளையில், இரட்டையர் நேருக்குநேர் நிற்க நேர்கிறது. உண்மை வெளிப்பட்டு உயிரும் குடும்பமும் மீள்கின்றன. அந்தச் சந்திப்பு சற்றே தாமதித்திருந்தால் தந்தையின் சாவுக்குப் பின் மகன்கள் உண்மையை அறியும் துன்பியலாக அதே கதை மாறியிருக்கும்.

சிரிப்பதற்குக் காலம் மட்டும் போதாது, தொலைவும் வேண்டும் என்பதைப் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆன்றி பெர்க்சன் 1900இல் வெளிவந்த 'சிரிப்பு' என்ற நூலில் விளக்கினார். மனிதர் நெகிழ்வை இழந்து இயந்திரம்போல நடந்துகொள்ளும்போது சிரிப்பு பிறக்கிறது என்றும், அவ்வேளையில் பார்ப்பவரின் இரக்கம் சற்று ஒதுங்கியிருக்க வேண்டும் என்றும் அவர் கருதினார். வேலைக்காரன் அடிபடும்போது அவன் வலியை நாடகம் காட்டத் தொடங்கினால் சிரிப்பு நின்றுவிடும். ஆகவே வலியைப் பார்வையாளரின் கண்ணிலிருந்து விலக்கிவைப்பதும் இன்பியல் கவிஞரின் தொழில்நுட்பங்களுள் ஒன்று.

ஒரு கதை இருமுறை

இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க உலக இலக்கியத்தில் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று, ஷேக்ஸ்பியர் 1590களின் நடுவில் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுதிய 'ரோமியோ ஜூலியட்', 'நடுவேனில் இரவுக் கனவு' என்னும் இரு நாடகங்கள். பெற்றோரின் தடையால் மறைவில் சந்திக்கும் காதலர், காதலி இறந்துவிட்டாள் என்ற தவறான முடிவு, காதலனின் தற்கொலை, அதைக் கண்ட காதலியின் தற்கொலை என்பதே முன்னதன் கதை. பின்னதன் இறுதியில், அரசனின் திருமண விழாவில் ஏதென்சின் கைவினைஞர்கள் நடித்துக் காட்டும் பிரமஸ் – திஸ்பி நாடகத்தின் கதையும் அதுவேதான். உரோமானியக் கவிஞர் ஓவிட்டின் நூலில் உள்ள பழங்கதை அது.

'ரோமியோ ஜூலியட்' தன் முற்பாதியில் இன்பியலாகவே நடக்கிறது. செவிலித்தாயின் வாயாடித்தனம், நண்பர்களின் கிண்டல், முகமூடி விருந்து, மறைமுகத் திருமணம் எல்லாம் இன்பியலுக்குரியவை. நண்பன் மெர்குஷியோ கொல்லப்படும் மூன்றாம் அங்கத்தில்தான் திரும்பமுடியாத எல்லையை நாடகம் தாண்டுகிறது. அதன் பிறகு எல்லாமே காலத்தின் சிக்கல். ஜூலியட்டின் சாவு பொய்யானது என்று தெரிவிக்கும் கடிதத்தோடு சென்ற துறவி, கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டில் அடைக்கப்படுகிறார், கடிதம் சேரவில்லை. ரோமியோ நஞ்சுண்ட பிறகே ஜூலியட் கண் விழிக்கிறாள். இருவரும் இறப்பார்கள் என்று முன்னுரைப் பாட்டே அறிவித்துவிடுவதால், ஒவ்வொரு தாமதத்தையும் பார்வையாளர் நெஞ்சிடிப்போடு எண்ணிக்கொண்டிருக்கிறார்.

கைவினைஞர் நாடகத்தில் அதே சாவுகள் வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கின்றன. சுவராக ஒருவர், நிலவொளியாக ஒருவர் நிற்கிறார். சிங்கமாக வருபவர், பெண்கள் அஞ்சிவிடக் கூடாதே என்று தாம் உண்மையான சிங்கம் அல்ல என்று முன்கூட்டியே விளக்கம் தருகிறார். அவையில் அமர்ந்திருக்கும் பிரபுக்கள் இடையிடையே விமர்சிக்கிறார்கள். குத்திக்கொண்டு செத்த நெசவாளர் பாட்டம் எழுந்து, முடிவுரை வேண்டுமா என்று கேட்கிறார். இங்குக் கதையை ஷேக்ஸ்பியர் மாற்றவேயில்லை. பார்வையாளரை அதிலிருந்து வெகுதொலைவு பின்னுக்கு நகர்த்தியிருக்கிறார். காதலர் சாவதைக் காணவேண்டிய கண்கள், சாவை நடிக்கத் தெரியாமல் திண்டாடும் எளிய மனிதர்களைக் காண்கின்றன.

காலத்தின் பங்கை இன்னும் கூர்மையாகக் காட்டுவது 'ஒதெல்லோ'. கீழே விழுந்த ஒரு கைக்குட்டை மனைவிமீது ஐயத்தைக் கிளப்புவது இன்பியலுக்கே உரிய சிறுபொருள்; இதனாலேயே தாமஸ் ரைமர் என்ற ஆங்கிலத் திறனாய்வாளர் 1693இல் இந்நாடகத்தை எள்ளி நகையாடினார். ஆனால் அந்தக் கைக்குட்டையை எடுத்துத் தன் கணவன் இயாகோவிடம் தந்தவள் தானே என்று எமிலியா சொல்வது, ஒதெல்லோ தன் மனைவி டெஸ்டிமோனாவைக் கொன்ற பிறகு. அதே வாக்கியத்தை அவள் இரண்டு காட்சிகளுக்கு முன் சொல்லியிருந்தால், பொறாமைக்காரக் கணவன் நாணித் தலைகுனியும் இன்பியல் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கும்.

முடிவு எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை

நாடகத்தின் வகையை அதன் கடைசிக் காட்சி தீர்மானிக்கிறது என்ற கருத்து கிரேக்க நாடகங்களிலேயே உடைபட்டுவிடுகிறது. யூரிப்பிடீஸின் 'தௌரியில் இஃபிகேனியா' நாடகத்தில், தன் தம்பி என்று அறியாமல் ஒரெஸ்டிஸைப் பலியிட முனையும் தமக்கை, கடைசி நேரத்தில் உண்மை அறிந்து அவனோடு தப்பிச் செல்கிறாள். எவரும் சாகாத அந்நாடகமும் துன்பியலாகவே அரங்கேறியது. அரிஸ்டாட்டிலும் அதன் கண்டறிதல் காட்சியைப் பாராட்டுகிறார். மறுபுறம், ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்தின் முடிவைத் தாங்க முடியாத நாகம் டேட் என்னும் கவிஞர், 1681இல் லியரும் அவன் மகள் கார்டீலியாவும் பிழைத்து, கார்டீலியா எட்கரை மணப்பதாக அதை மாற்றி எழுதினார். அந்த வடிவமே ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆங்கில மேடையில் செல்வாக்குடன் விளங்கியது. முடிவை மாற்றியதால் அது இன்பியலாகிவிடவில்லை. பெற்ற மக்களால் புயலில் துரத்தப்பட்ட முதியவனின் வேதனை அதில் அப்படியே இருந்தது, அதன் பொருள்தான் நீர்த்துப்போனது.

இருவகையையும் கலக்கக் கூடாது என்று பிரெஞ்சுச் செவ்வியல் மரபு வலியுறுத்தியபோதும், மேடை அந்த விதிக்கு எல்லா இடங்களிலும் கட்டுப்படவில்லை. 'மெக்பெத்' நாடகத்தில் அரசன் கொலையான உடனே, குடிபோதையில் உளறிக்கொண்டு கதவைத் திறக்க வரும் வாயிற்காவலன் சிரிப்பை மூட்டுகிறான். அந்தச் சிரிப்பு முடியும் இடத்தில் கொலை கண்டுபிடிக்கப்படுகிறது. தமிழகத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் அரசனுக்குக் கட்டியம் கூறுபவனாகவும், அவனையே கேலி செய்பவனாகவும், பார்வையாளரோடு நேரே பேசுபவனாகவும் இருப்பதால், பாரதக் கதையின் பெருந்துயரங்களுக்கு நடுவிலும் சிரிப்பு இயல்பாக நுழைகிறது. 1904 சனவரியில் மாஸ்கோ கலை அரங்கில் நடிக்கப்பட்ட ஆன்டன் செகாவின் 'செர்ரித் தோட்டம்' இந்தக் கலப்பின் உச்சம். கடனில் மூழ்கிய குடும்பம், தோட்டம் ஏலம் போகும் நாள் நெருங்குவது தெரிந்தும் விருந்து நடத்திப் பழங்கதை பேசிக்கொண்டிருக்கிறது. செகாவ் அதற்கு இன்பியல் என்று பெயரிட்டிருக்க, இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அதைக் கண்ணீர் நாடகமாகக் கண்டார். செகாவுக்கு அதில் வருத்தமும் இருந்தது. இங்கு அறியாமை என்பது உண்மை தெரியாமை இல்லை, தெரிந்த உண்மையைப் பார்க்க மறுப்பது. ஆகவே அதை நகையாகவும் அவலமாகவும் மாறிமாறிப் பார்க்க முடிகிறது.

தொல்காப்பியத்தின் பார்வை

உணர்வுகளை அவற்றின் காரணங்களோடு சேர்த்து வகைப்படுத்தும் முறை தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் எட்டு வகைகளை மெய்ப்பாடு என்கிறது. அவற்றுள் நகையை முதலாவதாகவும் அழுகையை இரண்டாவதாகவும் வைக்கிறது. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும், அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் நிலைக்களன்கள். பேதைமை அறிவின்மையையும், மடன் கேட்டதை ஆராயாமல் நம்பிவிடும் இயல்பையும் குறிக்கும். அசைவு முன்பிருந்த நல்ல நிலை கெட்டு வருந்துவதைக் குறிக்கும். பாண்டியனிடம் பொற்கொல்லனின் சொல்லை ஆராயாது ஏற்ற மடன் இருந்தது, ஒதெல்லோவிடமும் இருந்தது. இழப்பு நேராமல் இருந்திருந்தால் அது நகைக்குக் களனாகியிருக்கும், இழவும் அசைவும் சேர்ந்ததால் அழுகைக்குக் களனாயிற்று. நாடகத்தை வகைப்படுத்துவதற்காகத் தொல்காப்பியர் இதைச் சொல்லவில்லை என்றாலும், இரு உணர்வுகளும் எவ்வளவு அருகருகே உள்ளன என்பதை இப்பட்டியல் தெளிவாகக் காட்டுகிறது.

இந்தப் பழைய இலக்கணத்தை மேலைநாட்டு நாடகத்தோடு இணைத்துப் பார்க்கும் முயற்சியும் தமிழில் நிகழ்ந்திருக்கிறது. பரிதிமாற் கலைஞர் 1897இல் 'நாடகவியல்' என்னும் நாடக இலக்கண நூலைச் செய்யுளில் இயற்றினார். ஈழத்தைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளியிட்ட 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ், வடமொழி நாடக மரபுகளோடு சேர்த்து ஆராய்ந்தார். இவ்விரு நூல்களும் இன்று நூலகங்களில் முடங்கிக் கிடக்க வேண்டியவை அல்ல. நாடகமும் திரைப்படமும் கற்கும் மாணவர்கள் முதலில் திறக்க வேண்டியவை.

எந்தக் கதையை ஆராய்வோரும் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். யாருக்கு எது தெரியும், யாருக்கு எப்போது தெரிய வருகிறது என்பது முதற்கேள்வி. தெரியவரும்போது பிழையைத் திருத்த இன்னும் வழி இருக்கிறதா என்பது இரண்டாவது. நாம் அப்பாத்திரத்தின் அருகில் இருத்தப்படுகிறோமா, தொலைவில் நிறுத்தப்படுகிறோமா என்பது மூன்றாவது. துன்பியல், இன்பியல் என்ற பெயர்கள் இக்கேள்விகளுக்குப் பிறகு வர வேண்டியவை. முன்னால் வந்தால் அவை ஆய்வைத் தொடங்குவதற்குள்ளேயே முடித்துவிடும். மேடையிலோ திரையிலோ அடுத்து ஒரு கதையைக் காணும்போது, அது சிரிக்கவைத்ததா, அழவைத்ததா என்பதோடு நின்றுவிடாமல், அங்குச் சொல்லப்படாமல் தாமதித்த உண்மை எது என்று வாசகர்கள் தேடிப் பார்க்க வேண்டும்.